கிழக்குத் தெரு ஒயர்

திருநகரில் எந்த வீட்டு மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் அந்தச் செய்தி முதலில் சிவபாண்டியின் செல்போனுக்குத்தான் வரும். வீட்டுக்காரருக்கே அதற்குப் பிறகுதான் தெரியும். அவர் மோடத்தை நாலு தட்டு தட்டி, பிளக்கைப் பிடுங்கிச் செருகி, யார் இதைத் தொட்டது என்று பிள்ளைகளை விசாரித்துவிட்டுப் போன் போடுவதற்குள் சிவபாண்டி பைக்கை உதைத்திருப்பான். "வந்துக்கிட்டே இருக்கேன் சார்" என்பான். இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்கிற வாக்கியம்தான். அதைப் பொய்யில்லாமல் சொல்கிறவன் இவன் ஒருத்தன்தான் என்று துளசிராமே சொல்வார்.

துளசிராம் என்பவர் திருநகரில் அந்த இன்டர்நெட் கம்பெனியின் ஏஜென்சி எடுத்திருப்பவர். சிவபாண்டியின் முதலாளி. வீட்டில் சௌராஷ்டிரம், கஸ்டமரிடம் தமிழ், கம்பெனிக்காரர்களிடம் இங்கிலீஷ் என்று மூன்று பாஷை பேசுவார். மூன்றிலும் பயந்து பயந்துதான் பேசுவார். நல்ல மனிதர். வேலைக்காரர்களுக்குச் சம்பளம் ஒன்றாம் தேதி கொடுத்துவிடுவார், வம்பு என்று ஒன்று வந்தால் மட்டும் அடுத்த தெரு வழியாகப் போய்விடுவார்.

சிவபாண்டிக்கு முப்பத்தைந்து வயது. சொந்த ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே நொச்சிப்பொட்டல். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்துப் பிழைத்தவர்கள். அவன் தலையெடுத்த பிறகுதான் முக்கால் ஏக்கர் சொந்தமாக வந்தது. ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படித்துவிட்டு முதலில் டெலிபோன் கேபிளுக்குக் குழி வெட்டப் போனான். பிறகு கேபிள் டிவிக்குப் போஸ்ட் ஏறினான். அப்புறம் பைபர் வந்தது. தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி இழை, அதற்குள் வெளிச்சம் ஓடுகிறது, அந்த வெளிச்சத்தில்தான் ஊர் முழுக்கப் படம் பார்க்கிறது என்று முதல் நாள் சொல்லிக் கொடுத்தபோது சிவபாண்டி நம்பவில்லை. இரண்டு இழையை மெஷினுக்குள் வைத்து உருக்கி ஒட்டி, மீட்டரில் வெளிச்சத்தின் அளவைப் பார்த்த பிறகு நம்பினான். இப்போது ஒரு ஒயருக்குள் இருபத்து நாலு இழை இருந்தாலும் நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன் என்று நிறம் பார்த்து ஜோடி சேர்த்து ஒட்டிக்கொண்டே துளசிராமிடம் போனிலும் பேசுவான்.

திருநகர் வேலை அவனுக்குப் பிடித்திருந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அங்கே அவனிடம் யாரும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பதில்லை. கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எப்ப வரும்? ஹால், பெட்ரூம், பூஜை ரூம் பரண் வரைக்கும் ஏணி போட்டு ஏறச் சொல்வார்கள். வேலை முடிந்தால் காபி கொடுப்பார்கள். அந்தக் காபி டம்ளரைப் பற்றி அவன் யோசிக்க வேண்டியதே இல்லை. நொச்சிப்பொட்டலில் யோசிக்க வேண்டும்.

நொச்சிப்பொட்டலில் மேலத் தெரு, வடக்குத் தெரு, தெற்குத் தெரு, கிழக்குத் தெரு என்று நாலு தெரு. கிழக்குத் தெரு சிவபாண்டியின் தெரு. நாற்பத்திரண்டு வீடு. புரட்டாசியில் முத்தாலம்மன் பொங்கல் மூன்று நாள் நடக்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மன் சப்பரத்தில் வரும். மூங்கில் கட்டி, கலர் காகிதம் ஒட்டி, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி நிறுத்தினால் தரையிலிருந்து பதினேழு அடி. மேலத் தெரு, வடக்குத் தெரு என்று வாசல் வாசலாக நின்று தேங்காய் உடைத்துக்கொண்டு வந்து, கிழக்குத் தெரு முக்கில் ஒரு நிமிடம் நின்று, அப்படியே தெற்குத் தெருவுக்குத் திரும்பிவிடும். கிழக்குத் தெருக்காரர்கள் தட்டை எடுத்துக்கொண்டு முக்குக்கு வந்து கும்பிட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் தெருவுக்குள் வராது என்று யாரும் சொன்னதில்லை. அப்படியெல்லாம் சொல்லுகிற காலம் போய்விட்டதாம். முதலில் தெரு குறுகல் என்றார்கள். விஏஓ வந்து அளந்தார், மேலத் தெருவைவிட இரண்டடி அகலம். பிறகு சகதி, டிரெய்லர் புதையும் என்றார்கள். பஞ்சாயத்தில் சிமெண்ட் ரோடு போட்டார்கள். பிறகு கரண்டு ஒயர் என்றார்கள். மனு மேல் மனு போட்டுக் கரண்டு லைனை வீடுகளின் பின்பக்கம் மாற்ற ஐந்து வருடம் ஆயிற்று. அதுவும் முடிந்தது. இனி என்ன சொல்வார்கள் என்று கிழக்குத் தெரு காத்திருந்தபோது கொரோனா வந்து ஒரு வருடம் திருவிழாவே நடக்கவில்லை.

அந்த வருடம்தான் சிவபாண்டி தன் தெருவுக்கு ஒயர் இழுத்தான். பள்ளிக்கூடம் போனுக்குள் நடந்த காலம். மேலத் தெருவில் ஏற்கெனவே நெட் இருந்தது. கிழக்குத் தெருப் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பஸ் ஸ்டாப் கூரைக்கு அடியில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். சிவபாண்டி துளசிராமைக் கெஞ்சி, குடோனில் கிடந்த ஆறு மீட்டர் இரும்பு போஸ்ட் ஒன்பதும், டிரம்மின் அடியில் மிஞ்சிய நூற்றைம்பது மீட்டர் ஒயரும் வாங்கிக்கொண்டு வந்தான். தெருவின் நீளம் நூற்று நாற்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகக் குழி தோண்டி, ஒயரைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, சாயங்காலம் வெளிச்சம் விட்டான். அவன் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாள் அதுதான் என்று கல்யாண ஆல்பத்தை வைத்துக்கொண்டே மனைவி முத்துமீனாவிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு தப்பு செய்திருந்தான். ஒயர் இழுக்கிறவன் இரண்டு மூன்று போஸ்டுக்கு ஒருமுறை பத்து மீட்டராவது சுருட்டிக் கட்டித் தொங்கவிட வேண்டும். நாளைக்கு அறுந்தாலும், இடம் மாற்றினாலும், உயர்த்தினாலும் அந்தச் சுருள்தான் கை கொடுக்கும். திருநகரில் ஒரு புதுப் பையன் சுருள் விடாமல் இழுத்ததற்கு நடு ரோட்டில் வைத்து அவனைக் காய்ச்சி எடுத்தவன் சிவபாண்டி. சொந்தத் தெருவில் ஒயர் பற்றாமல், துணி காயப்போடுகிற கயிறு மாதிரி விறைக்க இழுத்துக் கட்டினான். நம்ம தெருதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தான். பிற்பாடு அதே ஒயரின் கடைசி முனையிலிருந்து கம்பெனி அடுத்த மூன்று ஊருக்கு லைன் நீட்டிவிட்டது. சொசைட்டி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் அந்த ஒயரில்தான் ஓடின.

அடுத்த புரட்டாசியில் சப்பரம் கிழக்குத் தெரு முக்கில் வந்து நின்றது. திருவிழாக் கமிட்டித் தலைவர் தவசி அண்ணாந்து பார்த்தார். மேலத் தெருக்காரர், ஐம்பத்தைந்து வயது, சத்தம் போட்டுப் பேசவே மாட்டார்.

"இந்த வருசம் எப்படியும் கொண்டாந்துரணும்னுதான் இருந்தோம்," என்றார். "பாருங்க, ஒயரு தாழ்வா கெடக்கு. அம்மன் கலசத்துல பட்டா ஊருக்கே ஆகாது."

எல்லாரும் ஒயரைப் பார்த்தார்கள். பிறகு சிவபாண்டியைப் பார்த்தார்கள். அவனுக்குக் காது மடல் சுட்டது. வெயிலில் போஸ்ட் நட்டு, கை பொத்துப்போய்க் கொண்டுவந்த ஒயர்.

"புள்ளைகளுக்குக் கிளாஸு கெடச்சுச்சு," என்றாள் முத்துமீனா வீட்டில். "அவுகளுக்குக் காரணம் கெடச்சுச்சு."

முத்துமீனா வாசலுக்குச் சாமி வருகிற ஊரில் பிறந்தவள். கப்பலூர் சிட்கோவில் தையல் கம்பெனிக்குப் போகிறாள். கல்யாணமான முதல் இரண்டு வருடம் மற்றவர்களோடு தட்டை எடுத்துக்கொண்டு முக்குக்குப் போனாள். மூன்றாம் வருடம் போகவில்லை. மாமியார் ஒச்சாயி கூப்பிட்டதற்கு, "வாசலுக்கு வந்தா கும்புடுறேன் அத்தை. முக்குல போய் நிக்க நான் என்ன பஸ்ஸா ஏறப் போறேன்" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து வருடா வருடம் பொங்கல் வைப்பாள், தேங்காய் பழம் எல்லாம் வாங்கித் தட்டில் வைப்பாள், சப்பரம் தெற்கே திரும்பியதும் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் பேசாமல் இருப்பதுதான் சிவபாண்டிக்குத் தாங்காது.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், மற்ற தெருக்களில் சப்பரத்துக்கு முன்னால் ஒயரைத் தூக்கிக்கொண்டு போகிறவனே சிவபாண்டிதான். மேலத் தெருவில் குறுக்கே போகிற ஒயர்கள் பன்னிரண்டு அடியிலும் பதிமூன்று அடியிலும் தொங்குகின்றன. ஒரு வருடம் இளவட்டங்கள் துரட்டியால் இழுத்து அறுத்துவிட, ஊரே இரண்டு நாள் நெட் இல்லாமல் கிடந்தது. அதற்கப்புறம் கமிட்டியே அவனைக் கூப்பிட்டது. பதினாலு அடி மூங்கில், நுனியில் கவை. சப்பரத்துக்குப் பத்தடி முன்னால் அண்ணாந்துகொண்டே போய், ஒயரைக் கவையில் தாங்கித் தூக்கிப் பிடிக்க வேண்டும். முதல் வருடம் அவன் சைகை காட்டுவதற்குள் டிராக்டர் நகர்ந்து, கலசத்தில் ஒயர் மாட்டிச் சப்பரம் சாய்ந்து, நாலு பேர் தாங்கிப் பிடித்தார்கள். அன்றைக்கே தவசி சத்தியம் வாங்கிக்கொண்டார்: சிவபாண்டி கையைத் தூக்கினால் டிராக்டர் நிற்க வேண்டும், கையை இறக்கினால்தான் நகர வேண்டும், யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. டிராக்டர் ஓட்டுகிற சோணை, அம்மன் மேல் ஆணையிட்டார்.

ஆக, பன்னிரண்டு அடி ஒயர் மேலத் தெருவில் தடை இல்லை, ஒரு கம்பால் தூக்கினால் போதும். பதினைந்து அடி ஒயர் கிழக்குத் தெருவில் தடை. இந்தக் கணக்கு சிவபாண்டிக்குப் புரியாமலில்லை. கம்பைப் பிடித்தபடி மூன்று வருடம் நடந்தான். ஏன் நடந்தான் என்று கேட்டால், ஒயர் அறுந்தால் நான்தானே ஒட்ட வேண்டும் என்பான். அது பாதி உண்மை. கூட நடந்துகொண்டே இருந்தால் என்றைக்காவது உள்ளே திரும்பும் என்று ஒரு நப்பாசை இருந்தது. மேலத் தெருக்காரர்கள் நெட் போனால் அவனை "தம்பி" என்பார்கள், நெட் வந்தால் "ஏப்பா" என்பார்கள். அதையும் அவன் கவனித்து வைத்திருந்தான்.

போன வருடம் திருவிழா முடிந்ததும் கிழக்குத் தெருக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். திருமங்கலம் தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் நடந்தது. தவசி வழக்கம்போல் மெதுவாகப் பேசினார். எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை, ஒயர்தான் பிரச்சினை என்றார். சிவபாண்டி எழுந்து, "சார், மேலத் தெருவுல பன்னெண்டு அடி சார். எங்க தெருவுல பதினஞ்சு," என்றான். டேப் பிடித்து எடுத்த போட்டோவையும் காட்டினான். தாசில்தார் போட்டோவைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அங்க பழகிப்போச்சு. இங்க புதுசு. ஒயரைத் தூக்கிடுங்க, விஷயம் முடிஞ்சது."

தாளில் எழுதினார்கள்: கிழக்குத் தெருவில் தாழ்வாகச் செல்லும் கேபிள் காரணமாகச் சப்பரம் செல்ல இயலவில்லை, கேபிள் உயர்த்தப்பட்டால் அடுத்த ஆண்டு முதல் கிழக்குத் தெரு வழியாகச் சப்பரம் வரும். தவசி முதல் கையெழுத்துப் போட்டார். கம்பெனி எங்கே இந்தக் குக்கிராமத்துக்குப் புது போஸ்ட் கொடுக்கப் போகிறது என்று அவர் நினைத்திருக்கலாம். அது நியாயமான நினைப்புதான்.

துளசிராமிடம் கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எதுக்குப்பா ஊர் வம்பு? அந்த ஊருல நமக்கு அறுபது கனெக்சன் இருக்கு. அம்பது மேலத் தெருவுலயும் வடக்குத் தெருவுலயும். நாளைக்கு அவங்க வேற கம்பெனிக்கு மாறிட்டா?"

"ஒயரத் தூக்கச் சொன்னதே அவுகதானண்ணே. கையெழுத்துப் போட்டிருக்காக."

"அவங்க தூக்கச் சொன்னாங்க. நீ தூக்குவேன்னு நெனச்சுச் சொல்லல."

மனிதர் பயந்தவரே தவிர விவரம் இல்லாதவர் அல்ல. சிவபாண்டி அதற்கு மேல் கெஞ்சவில்லை. செல்போனில் கம்பெனி ஆப்பைத் திறந்து, கிழக்குத் தெருவின் ஒன்பது போஸ்டையும் ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து, "தாழ்ந்த கேபிள், வாகனம் மோதும் அபாயம்" என்று ஒன்பது கம்ப்ளைண்ட் பதிவு செய்தான். அப்படிப் பதிவானால், உயர்த்திய பிறகு எடுத்த போட்டோ இல்லாமல் மூட முடியாது. மூடாமல் கிடந்தால் சென்னையிலிருந்து தினமும் காலை ஒன்பதரைக்குத் துளசிராமுக்குப் போன் வரும். ஒரு மாதம் இங்கிலீஷில் பயந்து பார்த்தார். அப்புறம் குடோன் சாவியைச் சிவபாண்டியின் கையில் கொடுத்தார்.

"எட்டு மீட்டர் போஸ்ட் பின்னாடி கெடக்கு. சுந்தரவல்லிகிட்டச் சொன்னேன். சாமி காரியத்தை ஒயரை வச்சு நிறுத்துனா பாவம் நமக்குத்தானாம். எடுத்துட்டுப் போ." சுந்தரவல்லி அவர் மனைவி. அந்த வீட்டில் முடிவு எடுப்பது அந்த அம்மாதான்.

போஸ்ட் நட்டாகிவிட்டது. ஒயர் மேலே போகவில்லை. தெரு முக்கில் மேலே ஏறவும், கடைசியில் இறங்கவும் ஒயர் போதவில்லை. சுருள் இருந்திருந்தால் அவிழ்த்து விட்டு ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். இப்போது ஒயரை வெட்டி, நடுவில் துண்டு போட்டு, இரண்டு இடத்தில் ஒட்ட வேண்டும். இருபத்து நாலும் இருபத்து நாலும் நாற்பத்தெட்டு ஒட்டு. அதுவரை மூன்று ஊருக்கு நெட் இருக்காது. கம்பெனி திருவிழாவுக்கு முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை நேரம் கொடுத்தது. ஒரு நிமிடம் தாண்டினாலும் அபராதம், தாண்டினால் இனிமேல் அந்த ஊரில் கை வைக்கக் கூடாது.

சிவபாண்டி வெட்டுக்கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். ஓடிக்கொண்டிருக்கிற ஒயரைத் தெரிந்தே வெட்டுவது அவன் தொழிலில் அதுவரை செய்யாத காரியம். அதுவும் தன் கையால் இழுத்த ஒயர். வெட்டினான். மரத்தடியில் சாக்கை விரித்து, மெஷினை வைத்து, காற்றுக்குத் தூசி வராமல் முத்துமீனாவின் பழைய சேலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நீலத்துக்கு நீலம், ஆரஞ்சுக்கு ஆரஞ்சு. துளசிராம் ஸ்கூட்டரில் தேடி வந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டரை மணிக்கு முதல் இடத்து ஒட்டுகளைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். இரண்டாவது பெட்டியில் பச்சை இழை இரண்டு தடவை உடைந்தது. கையில் வியர்வை. அவன் எழுந்து போய்க் குழாயில் கையைக் கழுவி, துடைத்து, மறுபடி உட்கார்ந்தான். ஒன்று நாற்பத்தெட்டுக்கு மூன்று ஊருக்கும் வெளிச்சம் போயிற்று. ஒயர் இருபத்தோரு அடியில் நின்றது. டேப் பிடித்துப் போட்டோ எடுத்தான்.

திருவிழாவின் மூன்றாம் நாள். சாயங்காலம் நாலரை மணிக்குச் சப்பரம் வடக்குத் தெருவை முடித்துக்கொண்டு கிழக்குத் தெரு முக்குக்கு வந்தது. தாலுகா ஆபீஸிலிருந்து வருவாய் ஆய்வாளர் வந்திருந்தார், கூட நாலு போலீஸ். நாற்பத்திரண்டு வீட்டு வாசலிலும் கோலம், குத்துவிளக்கு, தட்டு. யாரும் முக்குக்கு வரவில்லை. அவரவர் வாசலில் நின்றார்கள். சிவபாண்டி கம்போடு சப்பரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். தவசி அண்ணாந்து பார்த்தார். ஒயர் அவர் பார்வைக்கும் மேலே எங்கேயோ இருந்தது. அவர் டிராக்டர் பக்கமாகப் போய்ச் சோணையிடம் மெதுவாகத்தான் சொன்னார். காற்று இந்தப் பக்கம் அடித்ததால் சிவபாண்டிக்குக் கேட்டது.

"உள்ள போனா எங்கயும் நிக்காத. ஒரே மூச்சுல அங்கிட்டு வெளியேறி தெக்குத் தெருவுக்கு வந்துரு. அஞ்சு நிமிசம், அம்புட்டுத்தான்."

தாலுகா ஆபீஸ் தாளில் சப்பரம் வரும் என்றுதான் இருந்தது. நிற்கும் என்று இல்லை. வருவாய் ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவபாண்டிக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் வராத கோபம். நாற்பத்தெட்டு ஒட்டு ஒட்டியது டீசல் புகையைக் கும்பிடுவதற்கா? கம்பைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு நொடி நினைத்தான். போட்டால் சப்பரம் இன்னும் வேகமாகப் போகும், அவ்வளவுதான். பிறகு அவன் திரும்பி, வழக்கம்போல அண்ணாந்தபடி தெருவுக்குள் நடந்தான். டிராக்டர் பின்னால் வந்தது. முதல் போஸ்டுக்கு வந்ததும் கையைத் தூக்கினான்.

சோணை பிரேக்கை மிதித்தார். ஆணையிட்டவர் அல்லவா.

சிவபாண்டி கவைக்கம்பை மேலே நீட்டினான். அது ஒயரைத் தொடக்கூட இல்லை, மூன்றடி குறைந்தது. குதிகாலைத் தூக்கி எம்பி நீட்டிக்கொண்டே நின்றான். பக்கத்து வாசலில் நின்றவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒச்சாயி வயதில் ஒரு அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு டிரெய்லரை நோக்கி ஓடினாள். எதிர் வீட்டில் தேங்காய் உடைந்தது. பூசாரிக்கு வேறு வழியில்லை, நீட்டிய தட்டை வாங்கினார்.

தவசி வேகமாக முன்னால் வந்தார். "ஏப்பா, என்ன இது?"

"ஒயருண்ணே."

"அது எங்கயோ ஆகாசத்துல கெடக்கு."

"கெடக்குண்ணே. ஆனா தாழ்வுன்னு நீங்க ஆபீசுல கையெழுத்துப் போட்டிருக்கீக. கலசத்துல பட்டா ஊருக்கே ஆகாதுல்ல. பாத்துத்தான் போகணும்."

தவசி வருவாய் ஆய்வாளரைப் பார்த்தார். அவர் ஒயரைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார், தட்டோடு நின்றவர்களைப் பார்த்தார். "பாதுகாப்பு முக்கியம்ங்க. பாத்தே போகட்டும்," என்றார். சிரித்தாரா என்று சொல்ல முடியாது, கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

நாலு வீடு முடிந்ததும் சிவபாண்டி கையை இறக்கினான். டிராக்டர் நகர்ந்தது. இரண்டாவது போஸ்டில் மறுபடி தூக்கினான். மூன்றாவதில் மேளக்காரர்களே விஷயத்தைப் புரிந்துகொண்டு, அவன் கை மேலே போகும்போது மேளத்தைக் கூட்டினார்கள். தவசி ஐந்தாவது போஸ்ட் வரைக்கும் கூடவே வந்தார். அப்புறம் பின்னால் தங்கிவிட்டார். அவருக்கு முகம் செத்துப்போயிருந்தது. சிவபாண்டிக்கு அவர் மேல் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் கையை இறக்கவில்லை.

ஏழாவது போஸ்ட் அவன் வீட்டுக்கு எதிரில். கையைத் தூக்கிவிட்டு அண்ணாந்து நின்றான். கழுத்து வலித்தது. முத்துமீனா படி இறங்கி வருகிற சத்தம் கேட்டது. அவள் அவனைத் தாண்டிப் போய்த் தட்டைக் கொடுத்தாள். கற்பூர வாசனை வந்தது. சப்பரத்துக்கு முன்னால் இத்தனை வருடம் நடந்தும் ஒருமுறைகூட அவன் அம்மனின் முகத்தைப் பார்த்ததில்லை. ஒயரைத்தான் பார்த்திருக்கிறான். கம்பைப் போஸ்டில் சாய்த்து வைத்துவிட்டு, தூக்கிய கையோடு திரும்பிப் பார்த்தான். மஞ்சள் பூசிய மண் முகம், பெரிய கண். அதற்கு முன்னால் முத்துமீனா கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் சொல்லுகிறாள் போல. அவனுக்கு அழுகை வந்தது, அடக்கவும் தோன்றவில்லை.

"போலாமா தம்பி?" என்று சோணை டிராக்டரிலிருந்து குரல் கொடுத்தார்.

"இருங்கண்ணே," என்றான் சிவபாண்டி. "அவ சாமி கும்புட்டு முடிக்கட்டும்."